அப்டேட் சிக்கலா? போன் எந்த நாட்டுக்குச் செய்தது என்று முதலில் பாருங்கள்

திருகோணமலையில் பழுது பார்க்கும் மேசைக்கு அப்டேட் தொல்லையோடு வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் பழுதே இருப்பதில்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவை பல சவூதியிலோ கத்தாரிலோ வாங்கியவை. கொரியாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்தவை சில. ஜப்பானில் யாரோ பாவித்துக் கழித்து, கொழும்பு வழியாக இங்கே வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கியவை இன்னும் சில. போன் திருகோணமலையில் இருக்கும். அதன் மென்பொருள் ஜித்தாவிலோ சோலிலோ பதிவாகியிருக்கும். அப்டேட் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வரும்.

இங்குள்ள நெட்வேர்க் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நெட்வேர்க் நிறுவனங்கள் தமக்கென்று தனிப் பதிப்புச் செய்வித்து, பரிசோதித்து, தாம் ஒப்புக்கொண்ட பிறகே வெளியிட விடும். நம் நாட்டில் கடைகளில் விற்கும் போன்களில் பெரும்பாலானவை எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாதவை. இங்கே அவர்களுக்குக் கை இருக்கும் இடம் ஒன்றுதான். அது நான்காவது அறிகுறியில் வரும்.

## எதற்கும் முன்: போனின் அடையாளம்

அறிகுறி எதுவானாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கீழே போக வேண்டாம்.

சாம்சங் என்றால் செட்டிங்ஸ் திறந்து 'அபவுட் போன்' போங்கள். மொடல் எண்ணின் கடைசி எழுத்து 'என்' என்றால் கொரியா. 'யூ' என்றால் அமெரிக்க நெட்வேர்க் நிறுவனங்களுக்குச் செய்தது. 'யூ1' என்றால் அமெரிக்காவில் பூட்டில்லாமல், அதாவது எந்த நிறுவனத்தின் சிம்மும் போடக்கூடியதாக, விற்றது. 'பி', 'எஃப்', 'இ' போன்றவை பன்னாட்டுச் சந்தைக்கானவை. அடுத்து அங்கேயே 'சொப்ட்வெயார் இன்ஃபர்மேஷன்' உள்ளே கீழே இறங்கினால் 'சேர்விஸ் புரொவைடர் சொப்ட்வெயார் வேர்ஷன்' என்று வாசிக்கவே பிடிக்காத ஒரு நீண்ட வரி தெரியும். அதன் முடிவில் மூன்றெழுத்துக் குறியீடுகள் சரிவுக் கோடுகளுக்கு இடையில் நிற்கும். எஸ்.எல்.கே இலங்கை, ஐ.என்.எஸ் இந்தியா, கே.எஸ்.ஏ சவூதி, எக்ஸ்.எஸ்.ஜி ஐக்கிய அரபு அமீரகம். முதலாவதாக நிற்பதே இப்போது நடப்பில் உள்ளது.

ரெட்மி, போக்கோ என்றால் மென்பொருள் பதிப்பு எண்ணின் வாலில் உள்ள நான்கு எழுத்துகளைப் பாருங்கள். முதல் இரண்டும் நாடு: 'எம்.ஐ' பன்னாடு, 'ஐ.என்' இந்தியா, 'சி.என்' சீனா, 'ஈ.யூ' ஐரோப்பா. கடைசி இரண்டும் 'எக்ஸ்.எம்' என்றால் திறந்த சந்தைப் பதிப்பு. அந்த இடத்தில் 'வி.எஃப்' நின்றால் வோடபோனுக்கும், 'ஓ.ஆர்' நின்றால் ஒரேஞ்சுக்கும் செய்தது. அந்தப் போனுக்கு அப்டேட் அந்த நிறுவனத்தின் வழியாகவே வரும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட். 'கரியர் லொக்' எதிரே 'நோ சிம் ரிஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் அது பூட்டிய போன். மொடல் எண்ணில் சரிவுக் கோட்டுக்கு முன்னால் 'எல்.எல்' என்றால் அமெரிக்கா, 'ஜே' என்றால் ஜப்பான்.

கடைசியாக *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியான பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணை எடுங்கள். ஐ.எம்.ஈ.ஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909 இலக்கத்துக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால், அந்தப் போன் பதிவானதா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமிருந்து பதில் வரும். பாவித்த போன் வாங்குபவர்கள் காசு கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

## அறிகுறி 1: "உங்கள் மென்பொருள் புதியது" என்கிறது, ஆனால் அதே மொடலுக்குப் பக்கத்து வீட்டில் அப்டேட் வந்துவிட்டது

### வெளியாகி இரண்டு மூன்று வாரம்தான் ஆகிறது என்றால்

காத்திருங்கள். எந்த நிறுவனமும் எல்லாப் போனுக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. முதலில் சிறு பகுதிக்கு விட்டு, முறைப்பாடு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு விடுவார்கள். வி.பி.என் போட்டு வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் வித்தை ஒன்று யூடியூப்பில் ஓடுகிறது. போனின் குறியீட்டைப் பார்த்து வரும் அப்டேட்டுக்கு அது பயன்படாது, டேட்டாதான் கரையும்.

### குறியீடு வேறு நாடு என்றால்

உங்கள் போனுக்கு அந்த நாட்டின் கால அட்டவணைதான். சவூதிக் குறியீடு உள்ள போனுக்குச் சவூதியில் விட்ட பிறகே வரும். தாமதம் பெரிதாக இல்லையென்றால் அப்படியே விடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மாற்றியே ஆக வேண்டுமென்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சாம்சங் பல நாடுகளை ஒரே தொகுப்பில் வைக்கிறது. இலங்கையும் உங்கள் போனின் நாடும் ஒரே தொகுப்பில் இருந்தால், உள்ளூர் சிம்மைப் போட்டு முழு ரீசெட் செய்யும்போது குறியீடு தானாக மாறக்கூடும். ரீசெட் எல்லாவற்றையும் அழிக்கும். படங்களையும் வட்ஸ்அப் உரையாடல்களையும் முதலில் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள்; கூகுள் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கட்டும்.

தொகுப்பு வேறு என்றால் கணினி வழியாக அந்த மொடலின் அதிகாரபூர்வப் பதிப்பை ஏற்ற வேண்டும். இங்கே தெரிந்தவரிடம் போங்கள். அவர் உண்மையில் தெரிந்தவரா என்று அறிய ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போதுள்ள பதிப்பின் பைனரி எண் என்ன?" சாம்சங் பதிப்பு எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்பது அது. அதைவிடக் குறைந்த எண் உள்ள பதிப்பை ஏற்ற முடியாது. வற்புறுத்தினால் போன் பாதியில் நின்றுவிடும். இந்தக் கேள்விக்கு முழிப்பவரிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

### அமெரிக்க, ஜப்பானிய நெட்வேர்க் பதிப்பு என்றால்

அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி பதிப்புச் சாம்சங் போன்கள் அந்த நிறுவனத்தின் சிம் உள்ளே இல்லாவிட்டால் இணையம் வழியாக நேரே வரும் அப்டேட்டை எடுக்காது. அந்தச் சிம் திருகோணமலையில் கிடைக்கப் போவதில்லை. கணினியில் சாம்சங்கின் 'ஸ்மார்ட் ஸ்விட்ச்' நிறுவி, கேபிளில் இணைத்து அதன் வழியாக முயன்று பாருங்கள். அதுவும் கைவிட்டால் மேலே சொன்ன கணினி வேலைதான்.

ஐபோனில் இந்தத் தொல்லை இல்லை. ஐ.ஓ.எஸ் அப்டேட் ஆப்பிளிடமிருந்து உலகம் முழுவதற்கும் நேரே வருகிறது. நெட்வேர்க் நிறுவனம் தடுக்க முடியாது. ஐபோனுக்கு வரவில்லை என்றால் மொடல் பழையது, அல்லது உள்ளே இடமில்லை.

### ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது என்றால்

இதற்கு மருந்து இல்லை. நிறுவனம் அப்டேட் தரும் ஆண்டுக் கணக்கு தொடங்குவது மொடல் வெளியான நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று ஆண்டுக்கு முன் வெளியான மொடலைத் தீபாவளித் தள்ளுபடியில் புதிதாக வாங்கினால், அதன் ஆயுளில் மூன்று ஆண்டு கடைக்காரரின் அலமாரியிலேயே கழிந்துவிட்டது. 2023 இல் வந்த பிக்சல் 8, 2024 இல் வந்த கலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டு தருவதாக அவற்றின் நிறுவனங்கள் அறிவித்தன. இங்கே அதிகம் விற்கும் மலிவு மொடல்கள் பலவற்றுக்கோ பெரிய பதிப்பு ஒன்றோ இரண்டோதான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மொடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வாங்கும்போது நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ஆறுதல்: ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வந்த போன்களில் 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று தனியாக ஒன்று செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். அது தயாரிப்பாளரையும் நெட்வேர்க்கையும் தாண்டிக் கூகுளிடமிருந்து நேரே வருவது. போன் நிறுவனம் கைகழுவிய பிறகும் அதை அழுத்திப் பாருங்கள். சில போன்களில் ஏதாவது காத்துக்கொண்டிருக்கும்.

## அறிகுறி 2: டவுன்லோட் ஆகிறது, நிறுவும்போது தோற்கிறது

முதலில் இடம். பெரிய அப்டேட்டுக்குப் பல ஜிகாபைட் வெற்றிடம் வேண்டும். வட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காணொளிகளை அழித்தாலே பலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு இணைப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக் காலத்தில் மாலையில் டேட்டா ஊரும். நள்ளிரவுக்குப் பின் பாவிக்கும் டேட்டா உங்கள் பொதியில் இருந்தால் அந்த நேரத்துக்கு ஒத்திவையுங்கள். பாதியில் அறுந்த டவுன்லோட் கெட்டுப் போயிருக்கக்கூடும். அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

பற்றரி பாதிக்கு மேல் இருக்கட்டும். சார்ஜரில் போட்டும் ஏறவில்லை என்றால் சார்ஜ் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்களின் போன்களில் அந்தச் சிறு உலோகப் பற்களின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு பூச்சுப் படிந்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. போனை அணைத்துவிட்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டலாம். ஊசி போடாதீர்கள். பச்சை போகவில்லை என்றால் துவாரத்தை மாற்ற வேண்டும். அது கடைக்காரர் வேலை, பெரிய செலவில்லை. மார்கழி மழையில் மின்சாரம் அடிக்கடி போகும் நாட்களில் கணினியில் செருகி அப்டேட் செய்ய வேண்டாம். மடிக்கணினி என்றால் பரவாயில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் தோற்றால், போனின் மென்பொருளில் யாரோ கைவைத்திருக்கக்கூடும். சாம்சங்கில் "அனுமதியில்லாத முறையில் மாற்றப்பட்டுள்ளது" என்ற கருத்தில் ஒரு வரி தோன்றும். ரெட்மியில் வேறு விதம். சீனாவுக்குச் செய்த போனில் விற்பனையாளர் பன்னாட்டுப் பதிப்பு போல ஒன்றைத் திணித்து, பதிப்பு எண்ணில் ஒரு இலக்கத்தையும் மாற்றிவிடுவார், அப்டேட் தேடி வராமல் இருக்க. அந்த எண்ணை அதே மொடலின் அதிகாரபூர்வ எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டால் பிடிபடும். பிடிபட்டால் அப்டேட் பொத்தானை அழுத்தவே வேண்டாம். வாங்கிய கடைக்கு, பற்றுச்சீட்டோடு, அன்றைக்கே போங்கள்.

## அறிகுறி 3: அப்டேட்டுக்குப் பின் சிம் எடுபடவில்லை

சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வேர்க் ரீசெட் மட்டும் செய்யுங்கள். அது படங்களைத் தொடாது, வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள் போன்ற நெட்வேர்க் அமைப்புகள் மட்டும் போகும்.

ஐபோன் என்றால், சிம்மைக் கழற்றும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு கடதாசி போல மெல்லிய ஒரு சில்லு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் உங்கள் போன் பூட்டிய போன். அந்தச் சில்லு பூட்டை ஏமாற்றி வைத்திருந்தது. புதிய ஐ.ஓ.எஸ் அந்தத் தந்திரத்தை அடைத்துவிடும். சில நாளில் புதுச் சில்லு சந்தைக்கு வரும், அடுத்த அப்டேட்டில் அதுவும் சாகும். நிரந்தரத் தீர்வு, பூட்டிய நிறுவனமே திறப்பது ஒன்றுதான். ஜப்பானில் 2021 அக்டோபர் முதல் விற்கும் போன்களுக்குச் சிம் பூட்டுப் போடுவது பொதுவாகத் தடை. எனவே "ஜப்பான் போன்" என்று சொன்னால், அது அந்தத் திகதிக்கு முன்னதா பின்னதா என்று கேளுங்கள். "எந்த நிறுவனத்தின் பூட்டையும் நாங்கள் திறப்போம்" என்று முன்பணம் கேட்பவரிடம் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். நான் கொடுக்க மாட்டேன்.

ஆண்ட்ராய்டில் *#06# அழுத்தும்போது எண்ணுக்குப் பதில் வெறுமையோ பூச்சியங்களோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நெட்வேர்க் பகுதியின் தரவு அழிந்திருக்கிறது. அடுத்தடுத்து ரீசெட் செய்து மோசமாக்காமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 4: 4ஜி நன்றாக இருக்கிறது, அழைப்பு வந்ததும் டேட்டா நின்றுவிடுகிறது

நெட்வேர்க் நிறுவனத்துக்கு உண்மையிலேயே பங்குள்ள ஒரே இடம் இது. 4ஜி வழியாகவே குரல் அழைப்புப் போக 'வோல்ட்டி' வேண்டும். அதற்கு உங்கள் நெட்வேர்க்கின் அமைப்புகள் போனின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். அதைச் சேர்ப்பது தயாரிப்பாளர். எந்த மொடலுக்கு என்று ஒத்துக்கொள்வது நெட்வேர்க். வெளிநாட்டுப் பதிப்பில் அது இருக்காது, அல்லது ஒரு அப்டேட்டில் வந்து அடுத்ததில் காணாமல் போகும்.

சிம் அமைப்புகளில் 'வோல்ட்டி' பொத்தான் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இயக்குங்கள். ஐபோனில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து சிறிது நேரம் வைத்திருந்தால், 'கரியர் செட்டிங்ஸ்' அப்டேட் இருக்குமானால் தானாகக் கேட்கும். பெரிய அப்டேட்டிலிருந்து வேறான, சில நொடியில் முடியும் சிறு துண்டு அது. பொத்தானே இல்லை என்றால் நெட்வேர்க் நிறுவனத்துக்கு அழைத்து, "இந்த மொடலுக்கு உங்கள் வோல்ட்டி உண்டா?" என்று மொடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சும்மா "நெட் வேலை செய்யவில்லை" என்றால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். இல்லை என்று பதில் வந்தால் குறியீட்டை மாற்றுவது, அல்லது அந்த மொடலை ஏற்கும் வேறு நெட்வேர்க்குக்குப் போவது.

## அறிகுறி 5: வங்கிச் செயலியோ வட்ஸ்அப்போ திறக்க மறுக்கிறது

வட்ஸ்அப் என்றால் கணக்கு எளிது: 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 5க்குக் குறைந்தவற்றிலும், 2025 மே முதல் ஐ.ஓ.எஸ் 15.1க்குக் குறைந்தவற்றிலும் ஓடாது. உங்களது அதற்கும் பழையது என்றால் போனை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

வங்கிச் செயலி புதிய போனிலேயே மறுத்தால் மென்பொருள் மாற்றப்பட்டது என்று அது கண்டுபிடித்திருக்கக்கூடும். அதை ஏமாற்றக் கற்றுத்தரும் காணொளிகள் உண்டு. உங்கள் சம்பளம் கிடக்கும் கணக்கைத் திறக்க அவற்றை நம்பாதீர்கள். அதிகாரபூர்வப் பதிப்பை ஏற்றிவிட்டுச் செயலியை நிறுவுங்கள். அதுவரை வங்கிக் கிளைக்கு நேரே போங்கள்.

## அறிகுறி 6: லோகோவில் நின்றுவிட்டது

பதறி ரீசெட் அழுத்தாதீர்கள். பெரிய அப்டேட்டின் முதல் தொடக்கம் நீளும். சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அசையவில்லை என்றால் சாம்சங்கில் ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து, திரை அணையும்வரை பிடியுங்கள். மீண்டும் அங்கேயே நின்றால் கணினியோடு கேபிளில் இணைத்து, ஒலி கூட்டும் பொத்தானும் பவரும் பிடித்தால் ரிக்கவரிப் பட்டியல் வரும். அதில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருந்தால், அது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும், உங்கள் படங்களைத் தொடாது. அதற்கு அருகிலேயே 'வைப் டேட்டா' இருக்கும். அது முழுவதையும் அழிக்கும். விரல் தவறுவது இங்கேதான், நிதானமாக இறங்குங்கள்.

ஐபோனைக் கணினியில் இணைத்து ரிக்கவரிக்குக் கொண்டுபோனால் 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு கேட்கும். முதலில் 'அப்டேட்', அது தரவை வைத்துக்கொண்டே மென்பொருளைத் திரும்பப் போட முயலும். டவுன்லோட் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் போன் அந்த நிலையிலிருந்து தானாக வெளியேறிவிடும். நம் ஊர் வேகத்துக்கு இது அடிக்கடி நடக்கும். பழுதென்று எண்ண வேண்டாம். டவுன்லோட் முடியும்வரை விட்டுவிட்டு, பிறகு மறுபடி ரிக்கவரிக்குக் கொண்டுபோங்கள்.

ரெட்மியில் "இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது" என்ற ஆங்கில வாசகம் நின்றால் அது அறிகுறி 2இல் சொன்ன சீனப் போன். வீட்டில் செய்ய எதுவுமில்லை. சரியான சீனப் பதிப்பை ஏற்ற அனுமதி பெற்ற கணக்கு வேண்டும். கொழும்புக்கு அனுப்பத்தான் வேண்டிவரும். அனுப்பும் முன் செலவையும் தரவு மிஞ்சுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதம் உள்ள எந்தப் போனும் லோகோவில் நின்றால், உள்ளூரில் யாரும் திறக்கும் முன் அதிகாரபூர்வச் சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். திறந்த பிறகு உத்தரவாதம் பேச முடியாது.

## அறிகுறி 7: சூடு, பற்றரி இறக்கம், பச்சைக் கோடு

முதல் இரண்டும் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்ப போன் அடுக்கிக்கொண்டிருக்கிறது. வாரம் கடந்தும் அடங்காவிட்டால் பற்றரிப் பாவனைப் பட்டியலில் முதலில் நிற்கும் செயலியை நீக்கிப் பாருங்கள், பிறகு பற்றரியைச் சோதிக்கக் கொடுங்கள்.

திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்தால் அடுத்த அப்டேட்டில் போகும் என்று காத்திருக்க வேண்டாம். திரைப் பலகம் பழுது. இந்தியாவில் சில நிறுவனங்கள் சில மொடல்களுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்ததை வைத்து இங்கேயும் கேட்பார்கள். அந்தச் சலுகை இந்தியச் சேவை நிலையங்களுக்கு உரியது. மாற்றும் விலையைக் கேட்டு, அதே போன் பாவித்த நிலையில் இன்று என்ன விலை போகிறது என்பதோடு வைத்துப் பாருங்கள். பல மொடல்களில் கோட்டோடு பாவிப்பதுதான் லாபம்.